பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது, ஃபார்மட் பண்ணாமல் எடுக்க முடியுமா?

குயில்குடி_கல்:
32 ஜிபி பென்டிரைவ், எஃப்ஏடி32. கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று ஊர்வாரியாகக் கல்வெட்டுப் படங்கள் உள்ளே இருக்கின்றன. ஃபோல்டர் பெயர்கள் தமிழில். கல்லூரிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் சொருகி பிரிண்ட் எடுத்த பிறகு ஒவ்வொரு ஃபோல்டரும் 2 கேபி ஷார்ட்கட்டாகத் தெரிகிறது. ப்ராப்பர்ட்டீஸில் 11.4 ஜிபி யூஸ்டு என்றுதான் இன்னும் காட்டுகிறது. வியூவில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக் போட்டும் பலன் இல்லை. கமாண்ட் ப்ராம்ப்டில் டிஐஆர் அடித்தால் அதே ஷார்ட்கட்கள், பெயர்கள் கட்டம் கட்டமாக. லேப்டாப் விண்டோஸ் 10. ஃபார்மட் பண்ணிவிட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா அண்ணே?

நடத்துநர்:
எல்லோருக்கும் பொதுவாக: இந்த இழையில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். வாசிப்பவர்கள் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இடைவெளி, சாய்கோடு, புள்ளி எதையும் விடக் கூடாது.

டவுன்ஹால்ரோடு:
தம்பி, ஃபார்மட் கிட்டயே போயிறாதீங்க. 11.4 ஜிபி யூஸ்டுன்னு காட்டுதுல்ல, அப்ப ஒண்ணும் அழியல, மறைச்சு வச்சிருக்கு, அம்புட்டுத்தான். ஒரே வரி:

அட்ரிப் -எஸ் -எச் -ஆர் எஃப்:\*.* /எஸ் /டி

மூணு மைனஸையும் ஒரே வரியில போடணும். -எச் மட்டும் போட்டா "நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்"னு சொல்லிட்டு சும்மா இருக்கும். சிஸ்டம்ங்கிற முத்திரை (ஆட்ரிப்யூட்) மேல இருக்கிற வரைக்கும் மத்ததக் கழட்ட விடாது. கடைசியில இருக்கிற /டி இல்லேன்னா ஃபைலுக்கு மட்டும் மாறும், ஃபோல்டர் அப்படியே கெடக்கும். நெறைய பேரு அதை விட்டுட்டுத்தான் "வேலை செய்யல"ம்பாங்க. எஃப்-ங்கிற எழுத்து உங்க பென்டிரைவ்தானான்னு மொதல்ல "விஓஎல் எஃப்:" அடிச்சுப் பாத்துக்கங்க. தப்பித் தவறி சி:-ல ஓட்டிட்டா டெஸ்க்டாப்.ஐஎன்ஐ ஃபைல் எல்லாம் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் தலையக் காட்டும், திரும்ப மறைக்கிறது பெரும்பாடு.

கருப்புத்திரை:
கட்டளை சரி, ஆனால் வரிசை சரியில்லை என்பேன். அட்ரிப் என்பது பென்டிரைவின் மேலேயே எழுதும் வேலை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் டைரக்டரி பதிவில் ஒரு பைட் மாறும். நல்ல பென்டிரைவில் அதனால் ஒன்றும் ஆகாது. இது நல்ல பென்டிரைவா என்று நமக்கு இன்னும் தெரியாதே? ஒரே பிரதி என்றால் முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு எழுதலாம்.

டிக் போட்டும் ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹிடன், சிஸ்டம் இரண்டு முத்திரையும் சேர்ந்து விழுந்த ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரர் "பாதுகாக்கப்பட்ட இயங்குதள ஃபைல்" என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் தனி டிக் இருக்கிறது, ஹிடன் ஐட்டம்ஸ் டிக் அதைத் தொடாது. டிஐஆர் கட்டளையும் வெறுமனே அடித்தால் இரண்டையும் விட்டுவிடும். "டிஐஆர் /ஏ எஃப்:\" என்று அடியுங்கள், அசல் ஃபோல்டர்கள் வரிசையாக வரும்.

பெயர்கள் கட்டமாகத் தெரிவது கோளாறே இல்லை. பெயர் டிஸ்க்கில் யூனிகோடில் பத்திரமாக இருக்கிறது. பழைய கன்சோல் ஜன்னலின் கன்சோலாஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டவும் அதற்குத் தெரியாது. விண்டோஸ் டெர்மினலை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து போட்டுக்கொண்டால் தமிழாகவே தெரியும், துணைக்கால் கொம்பு கொஞ்சம் தள்ளி விழும், அவ்வளவுதான். கட்டத்தைப் பார்த்து பயந்து யாரும் ரீநேம் பண்ண வேண்டாம்.

காப்பி எடுக்க:

ரோபோகாப்பி எஃப்:\ டி:\மீட்பு /இ /ஏ-:எஸ்எச் /ஆர்:1 /டபிள்யூ:1 /எக்ஸ்எஃப் *.எல்என்கே *.விபிஎஸ் /எக்ஸ்டி "சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்" /யூனிலாக்:டி:\பதிவு.டிஎக்ஸ்டி /டீ

ரோபோகாப்பி மறைந்த ஃபைலையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். எக்ஸ்காப்பியாக இருந்தால் /எச் சேர்க்க வேண்டும். /ஏ-:எஸ்எச் போட்டால் நகலில் அந்த இரண்டு முத்திரையும் கழன்றுவிடும். /ஆர், /டபிள்யூ இரண்டையும் மறக்கவே கூடாது. சொல்லாவிட்டால் ஒரு ஃபைல் படிக்க முடியாதபோது 10 லட்சம் தடவை, தடவைக்கு 30 வினாடி காத்திருந்து முயலும். திரை உறைந்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்குகிறவர்கள் இங்கேதான் பிடுங்குகிறார்கள். சாதாரண /லாக் தமிழ்ப் பெயர்களைக் கேள்விக்குறியாக எழுதும், அதனால்தான் /யூனிலாக்.

இன்னொன்று. எஃப்:\ என்பதை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். பின்சாய்கோடும் மேற்கோளும் அடுத்தடுத்து வந்தால் மேற்கோள் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு மீதி வரி முழுவதையும் ஒரே பெயராக விழுங்கிவிட்டு "இன்வேலிட் பாராமீட்டர்" என்று சொல்லும். இடைவெளி உள்ள பெயருக்கு மட்டும் மேற்கோள், அதுவும் கடைசியில் சாய்கோடு இல்லாமல்.

டவுன்ஹால்ரோடு:
அண்ணே சொல்றது நியாயந்தான், ஒரே பிரதின்னு தம்பி சொல்லல, நான் கேக்கவும் இல்ல. ஆனா ஒண்ணு, அந்த /ஏ-:எஸ்எச் விட்டுப்போச்சுன்னா டி:-ல காப்பி ஆன பிறகு மீட்பு ஃபோல்டரே காணாம போகும் பாருங்க. டிரைவோட வேர்லருந்து, அதாவது எஃப்:\-லருந்து காப்பி பண்ணும்போது அதோட ஹிடன் சிஸ்டம் முத்திரை வந்து சேர்ற ஃபோல்டருக்கும் ஒட்டிக்கிரும். பதறாம "அட்ரிப் -எஸ் -எச் டி:\மீட்பு" அடிச்சா வந்துரும்.

திருநகர்_லினக்ஸ்:
காப்பி எடுப்பதற்கு முன்னால் எந்தக் கணினியில் எடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். தம்பி அந்த ஷார்ட்கட்டை உங்கள் லேப்டாப்பில் இரட்டைச் சொடுக்குப் போட்டீர்களா? போட்டிருந்தால் லேப்டாப்பும் பிடித்திருக்கும். ஷார்ட்கட் இரண்டு வேலை செய்யும். ஸ்கிரிப்டை ஓட்டும், கூடவே அசல் ஃபோல்டரையும் திறந்து காட்டும். படங்கள் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது. அதன் ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் பெட்டியைப் பாருங்கள். ஃபோல்டர் பாதை இருக்க வேண்டிய இடத்தில் "சிஎம்டி.இஎக்ஸ்இ /சி ஸ்டார்ட்" என்று தொடங்கி, நடுவில் ஒரு விபிஎஸ் (ஸ்கிரிப்ட் ஃபைல்) பெயர், அதன் பின் "எக்ஸ்ப்ளோரர்" என்று நீளும்.

விண்டோஸ் 7 வந்தபோதே யூஎஸ்பிக்கு ஆட்டோரன் எடுக்கப்பட்டுவிட்டது. 2011-இல் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அதற்கான அப்டேட் வந்தது. சொருகியவுடன் தானாக ஓட வழியில்லாமல் போனதால்தான் மனிதரையே சொடுக்க வைக்கும் இந்த ஷார்ட்கட் வித்தை. ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்ற பெயரில் காலி ஃபோல்டர் போட்டு வைத்தால் வராது என்று இன்னும் யூட்யூபில் சொல்கிறார்கள். இதற்கு அது எந்த வகையிலும் உதவாது.

குயில்குடி_கல்:
ஆமாம் அக்கா, சொடுக்கினேன். டார்கெட்டில் நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது. இன்னொரு பென்டிரைவ் சொருகிப் பார்த்தேன், அதுவும் ஷார்ட்கட் ஆகிவிட்டது.

திருநகர்_லினக்ஸ்:
அப்படியானால் லேப்டாப்பில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் அட்ரிப் போட்டாலும் சில வினாடியில் மறுபடி மறைத்துவிடும். முதலில் அதைக் கொல்லுங்கள், பென்டிரைவ் வெளியே இருக்கட்டும்.

"டாஸ்க்லிஸ்ட் | ஃபைண்ட்எஸ்டிஆர் /ஐ டபிள்யூஸ்கிரிப்ட்" அடித்து, ஓடுகிறது என்றால் "டாஸ்க்கில் /எஃப் /ஐஎம் டபிள்யூஸ்கிரிப்ட்.இஎக்ஸ்இ". இது தற்காலிகம், ரீஸ்டார்ட் ஆனதும் திரும்ப வரும். எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மூன்று இடம். விண்டோஸ் பொத்தானும் ஆரும் சேர்த்து அழுத்தி "ஷெல்:ஸ்டார்ட்அப்" என்று போனால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அங்கேயும் மறைந்திருக்கும் என்பதால் அந்தப் பாதையில் டிஐஆர் /ஏ போட்டுப் பாருங்கள். அடுத்து "ரெக் க்வெரி எச்கேசியூ\சாஃப்ட்வேர்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\கரண்ட்வெர்ஷன்\ரன்". மூன்றாவது "எஸ்சிஎச்டாஸ்க்ஸ் /க்வெரி /எஃப்ஓ லிஸ்ட் /வி". இது பக்கம் பக்கமாக ஓடும், முடிவில் > போட்டு ஒரு ஃபைலுக்குத் திருப்பி அதில் விபிஎஸ் என்று தேடுங்கள். ஆப்டேட்டா, டெம்ப் இரண்டிலும் உட்கார்ந்திருக்கும் விபிஎஸ், ஜேஎஸ் ஃபைலை எந்தப் பதிவு கூப்பிடுகிறதோ அதுதான் ஆள்.

கையால் நோண்டப் பிடிக்கவில்லை என்றால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து "ஸ்டார்ட்-எம்பிடபிள்யூடிஓஸ்கேன்". கணினி உடனே ரீஸ்டார்ட் ஆகும், விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன் ஸ்கேன் ஓடும், கால் மணி நேரம் போல. திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு அடியுங்கள். பவர் கட் வருகிற நேரமாக இருந்தால் சார்ஜரோடு பேட்டரியும் நிறைந்திருக்கட்டும்.

இதற்கெல்லாம் பதிலாக, ஒரு உபுண்டு லைவ் யூஎஸ்பியில் (கணினியில் நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து காப்பி எடுப்பது எனக்குப் பிடித்த வழி. ஹிடன், சிஸ்டம் முத்திரையை லினக்ஸ் கண்டுகொள்ளாது, எல்லா ஃபோல்டரும் தமிழ்ப் பெயரோடு நேரே தெரியும். ஷார்ட்கட்டும் விபிஎஸ்ஸும் அங்கே வெறும் கோப்புகள், ஓடாது. மவுண்ட் செய்யும்போது "-ஓ ஆர்ஓ" கொடுத்தால் பென்டிரைவில் ஒரு பைட்டும் எழுதாது. கருப்புத்திரை சார் கேட்ட படிக்க மட்டும் என்ற நிபந்தனையும் நிறைவேறும்.

ஜெராக்ஸ்_மேலூர்:
சில பென்டிரைவ்ல ஷார்ட்கட் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, பென்டிரைவ் பேர்லயே. அட்ரிப் போட்டா பேரே இல்லாத ஒரு ஃபோல்டர் வருது, அதுக்குள்ள எல்லாம் இருக்கு. அது வேற வைரஸா?

கருப்புத்திரை:
வேறு குடும்பம், கேமரூ என்பார்கள், ஆண்ட்ரோமெடா என்றும் பெயர். பெயரே இல்லாதது அல்ல, பெயராக உடைபடாத இடைவெளி எழுத்து ஒன்று இருக்கிறது. கட்டளையில் சாதாரண ஸ்பேஸ் அடித்தால் அது வேறு எழுத்து, "காணவில்லை" என்றுதான் சொல்லும். மெனக்கெட வேண்டாம். அட்ரிப் போட்ட பிறகு எக்ஸ்ப்ளோரரில் அதைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்திப் புதுப் பெயர் கொடுங்கள், பிறகு சாதாரண ஃபோல்டர்தான். ரோபோகாப்பி பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் அதையும் அள்ளிக்கொண்டு வரும்.

குயில்குடி_கல்:
ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டி, ரன் பதிவில் இருந்த ஒரு விபிஎஸ் வரியையும் நீக்கினேன். சோதனைக்குச் சொருகிய பென்டிரைவ் இப்போது மாறவில்லை. ரோபோகாப்பி முடிந்தது. கடைசி அட்டவணையில் ஃபைல்ஸ் வரியில் ஃபெயில்ட் 3 என்று இருக்கிறது. பதிவு ஃபைலில் இரண்டு படத்துக்கு "எரர் 23, டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்". மாங்குளம் ஃபோல்டரில் ஒன்றுக்கு "எரர் 1392, கரப்டட் அண்ட் அன்ரீடபிள்". எக்கோ %எரர்லெவல்% போட்டால் 9. சிஎச்கேடிஎஸ்கே /எஃப் போடட்டுமா?

டவுன்ஹால்ரோடு:
போடாதீங்க. இப்ப அண்ணே சொன்னதுதான் சரி, பென்டிரைவே நோவுல இருக்கு.

கருப்புத்திரை:
9 என்பது 1-உம் 8-உம். 1 என்றால் ஃபைல்கள் காப்பி ஆயின, 8 என்றால் சில தோற்றன. 8-க்குக் கீழே எது வந்தாலும் ரோபோகாப்பியில் தோல்வி இல்லை. பேட்ச் ஃபைலில் வைத்து ஓட்டுகிறவர்கள் சுழியம் அல்லாதது எல்லாம் பிழை என்று எழுதிவிட்டு அல்லாடுவது இதனால்தான்.

23-உம் 1392-உம் ஒரே ஜாதி அல்ல. 23 என்றால் அந்த இடத்தில் ஃப்ளாஷ் சில்லிலிருந்து தரவே வரவில்லை. 1392 என்றால் படிக்க முடிகிறது, ஆனால் டைரக்டரி பதிவு குழம்பியிருக்கிறது. சிஎச்கேடிஎஸ்கே /எஃப் இரண்டாவதைச் சரிசெய்யப் பார்க்கும், ஆனால் அதன் அக்கறை ஃபைல் சிஸ்டம் ஒழுங்காக இருப்பதில்தான், உங்கள் படத்தில் அல்ல. உரிமையாளர் தெரியாத துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் ஃபைல்0000.சிஎச்கே என்று வரிசையாகக் கொட்டிவிடும், பெயர், ஊர், தேதி எல்லாம் போய்விடும். அதுவும் சாகிற பென்டிரைவின் மேலேயே எழுதிக்கொண்டு.

முழு டிரைவையும் படிமமாக, அதாவது அப்படியே ஒரே ஃபைலாக எடுங்கள், பிறகு படிமத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். திருநகர் அம்மா சொன்ன லைவ் உபுண்டுவில்:

எல்எஸ்பிஎல்கே (அளவை வைத்து பென்டிரைவ் எது என்று பாருங்கள், எஸ்டிபி என்று வைத்துக்கொள்வோம்)
சூடோ டிடிரெஸ்க்யூ -டி -என் /டெவ்/எஸ்டிபி பென்.ஐஎம்ஜி பென்.மேப்
சூடோ டிடிரெஸ்க்யூ -டி -ஆர்3 /டெவ்/எஸ்டிபி பென்.ஐஎம்ஜி பென்.மேப்

முதல் ஓட்டம் நல்ல இடங்களை அள்ளிக்கொண்டு கெட்ட இடத்தைத் தாண்டிப் போகும். இரண்டாவது ஓட்டம் விட்டுப்போன இடங்களை மட்டும் மூன்று முறை முயலும். மேப் ஃபைலில்தான் எது கிடைத்தது, எது இல்லை என்ற கணக்கு இருக்கிறது. இரண்டு வரியிலும் அதே பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்கும். மின்சாரம் போனாலும் அதே வரியை மறுபடி அடித்தால் விட்ட இடத்திலிருந்து போகும். சாதாரண டிடி கட்டளை இதைச் செய்யாது.

திருநகர்_லினக்ஸ்:
லைவ் உபுண்டுவில் டிடிரெஸ்க்யூ முன்கூட்டியே இருக்காது. பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, ஆப்ட் இன்ஸ்டால் போடும்போது ஜி சேர்க்க வேண்டும், யூனிவர்ஸ் களஞ்சியம் திறந்திருக்க வேண்டும். படிமம் 32 ஜிபி முழுதாக வரும், 11.4 அல்ல. அதை இன்னொரு எஃப்ஏடி32 டிரைவில் போட முடியாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. லேப்டாப்பின் என்டிஎஃப்எஸ் பகுதியில் போடுங்கள். விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் அணைந்திருந்தால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். ஷிஃப்ட் அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்து முழுதாக அணைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு "டெஸ்ட்டிஸ்க் பென்.ஐஎம்ஜி". படிமத்தை நேரே திறக்கும், அட்வான்ஸ்டு, பூட், லிஸ்ட் என்று போனால் மாங்குளம் ஃபோல்டரைப் பெயரோடு பார்த்து சி அழுத்திக் காப்பி எடுக்கலாம். அதிலும் வராவிட்டால்தான் ஃபோட்டோரெக். அது ஜேபெக் தலைப்பைப் பார்த்துத் துருவி எடுக்கும், படம் வரும், பெயர் வராது. கேமரா எக்ஸிஃபில் எழுதிய தேதியை வைத்து எந்த ஊர் என்று நீங்கள்தான் அடுக்க வேண்டும்.

குயில்குடி_கல்:
படிமம் வந்தது. மாங்குளம் படம் டெஸ்ட்டிஸ்க்கில் கிடைத்துவிட்டது. எரர் 23 வந்த இரண்டில் ஒன்று முழுசாக, மற்றொன்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம்.

கருப்புத்திரை:
அந்தச் சாம்பல் பகுதி படிக்க வராத இடம். ஜேபெக் மேலிருந்து கீழாக அவிழ்வதால் இடறிய இடத்துக்குக் கீழே எதுவும் தேறாது. அந்தப் பென்டிரைவை இனிமேல் எதற்கும் வைத்துக்கொள்ள வேண்டாம், ஃபார்மட் செய்து அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள்.

டி:\மீட்பு ஃபோல்டரில் கடைசியாக ஒன்று: "டிஐஆர் டி:\மீட்பு\*.இஎக்ஸ்இ /எஸ் /பி /ஏ". ஃபோல்டர் படம் ஒட்டிக்கொண்டு, ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டு இஎக்ஸ்இ உட்கார்ந்திருக்கும் வகைகள் உண்டு. படங்கள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இஎக்ஸ்இ எதுவும் இருக்கக் காரணமே இல்லை.

வடக்குமாசி:
இழைக்குப் பக்கத்துக் கேள்வி. இதே மாதிரி ரோபோகாப்பியில் மீட்ட வேர்டு ஃபைல் திறக்கிறது, ஆனால் உள்ளே தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கல். கெட்டுப்போய்விட்டதா?

டவுன்ஹால்ரோடு:
அது பாமினிங்க. ஃபைல் நல்லாத்தான் இருக்கு, எழுத்துருதான் அந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல. பாமினியில புள்ளி வைக்கிறதுக்கு அரைப்புள்ளிச் சாவிதான், அதான் வரிக்கு வரி அரைப்புள்ளியாத் தெரியுது. பாமினிய நிறுவிட்டுத் திறங்க, தமிழாயிரும். அப்புறம் யூனிகோடுக்கு மாத்தி வச்சுக்கங்க. கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் ஃபைல் பாதிக்கு மேல இன்னும் இப்படித்தான் சுத்துது. அரசு அலுவலகத்துலருந்து வந்த பழைய ஃபைலா இருந்தா வானவில் எழுத்துருவா இருக்கும், அதுக்குப் பாமினி மாத்தி ஒத்து வராது.

ஜெராக்ஸ்_மேலூர்:
கடைக்காரன் பக்கத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கண்ணே. வர்ற பென்டிரைவ் எல்லாம் ஏதாவது கொண்டாந்துருது, நாங்க மத்தவங்களுக்குக் குடுத்துர்றோம். டெய்லி ஸ்கேன் பண்ண நேரமில்ல.

கருப்புத்திரை:
கடைக் கணினியில் விபிஎஸ் ஓட வேண்டிய தேவையே இல்லை. அதை ஓட்டும் ஸ்கிரிப்ட் ஹோஸ்டையே நிறுத்திவிடுங்கள். அட்மின் ப்ராம்ப்டில்:

ரெக் ஆட் "எச்கேஎல்எம்\சாஃப்ட்வேர்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்\செட்டிங்ஸ்" /வி எனேபிள்டு /டி ரெக்_டிவேர்டு /டி 0 /எஃப்

இரண்டு "/டி" இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது டைப் என்பதன் முதலெழுத்து, இரண்டாவது டேட்டா என்பதன் முதலெழுத்து. அடிக்கும்போது வெவ்வேறு ஆங்கில எழுத்து. ஷார்ட்கட்டை யார் சொடுக்கினாலும் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் முடக்கப்பட்டிருக்கிறது என்று பெட்டி வரும், அதோடு நின்றுவிடும். விண்டோஸ் ஆக்டிவேஷன் பார்க்கும் எஸ்எல்எம்ஜிஆர்.விபிஎஸ் கூட ஓடாது என்பது ஒன்றுதான் நஷ்டம். அது வேண்டும்போது 0-வை 1 ஆக்கிவிட்டு மறுபடி மாற்றிக்கொள்ளுங்கள். டிஎல்எல் வழியாக வரும் கேமரூ வகையை இது தடுக்காது, அதற்கு டிஃபெண்டர் அப்டேட் ஆகியிருக்க வேண்டும்.

திருநகர்_லினக்ஸ்:
பென்டிரைவ் வாங்குவதற்கென்று ஒரு பழைய கணினியில் லுபுண்டு (எடை குறைந்த லினக்ஸ்) போட்டு ஓரமாக வைத்துவிட்டால் இதற்கும் மேலே. பிடிஎஃப் பிரிண்ட் அங்கிருந்தே போகும், வேர்டு ஃபைல் மட்டும் லிப்ரேஆஃபிஸில் வரி இடம் மாறும் என்பதால் உங்கள் பக்கத்துக் கணினிக்கு அனுப்ப வேண்டும். பாமினியை ஹோமில் .ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டு "எஃப்சி-கேச் -எஃப்" ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.